வளைவில் கை சும்மா இருக்கட்டும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், பைக்கை வளைவில் சாய்ப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ரேஸ் ஓட்டுபவர்கள் சாயும்போது தரையில் உரசுகிற முழங்காலைப் பற்றித்தான். முட்டி ஏன் தரையில் தொடவில்லை, எப்போது தொடும், தொட்டால் வலிக்குமா, இப்படி. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: எனக்குக் கோயம்புத்தூர் கணபதியில் சின்ன லேத் பட்டறை. 1990களின் கடைசியில் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100-ஐ பார்சல் லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போய் ஐந்து சீசன் ஓட்டினேன். கிடைத்தது மூன்றாம் இடத்துக்கு ஒரு கோப்பையும், ஒரு கழுத்தெலும்பு முறிவும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிப்பாளையம் ட்ராக்கில் பழக வருபவர்களை ஓரமாக நின்று பார்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன். சொல்வதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: கையை விடு, அதாவது ஹேண்டிலை இறுக்காமல் கையைத் தளர்த்து. இந்த மாதப் பதில்களிலும் அது திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆர்15 பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் கொல்லிமலை போகிறேன். பாதி உடம்பைச் சீட்டுக்கு வெளியே தொங்கவிட்டும் முட்டி தரையைத் தொடவில்லை. நண்பன் எடுத்த படத்தில் குரங்கு கிளையில் தொங்குவது போல இருக்கிறேன். என்ன தப்பு செய்கிறேன்?

தம்பி, குரங்கு என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் குரங்கு உங்களைவிட ஒழுங்காகத் தொங்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பாருங்கள். வலது வளைவு. இடுப்பு வலது பக்கம் நன்றாக வெளியே வந்திருக்கிறது. தலை எங்கே இருக்கிறது? டேங்குக்கு நேர் மேலே, சொல்லப்போனால் கொஞ்சம் இடப்பக்கமாகவே. இடுப்பு ஒரு ஊருக்கும் தலை இன்னொரு ஊருக்கும் போகிறது. ட்ராக்கில் இதை ‘கிராஸ்டு அப்’ என்பார்கள். வெளியே போன இடுப்பின் எடையைத் தலையும் தோளும் திரும்ப இழுத்துச் சமன் செய்துவிடுவதால், அவ்வளவு சிரமப்பட்டும் பலன் பூஜ்யம்.

அடுத்தது இடது கை. விறைத்து நீண்டு, முழங்கை பூட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் உடம்பு அந்தக் கையில்தான் தொங்குகிறது. ஹேண்டில்பார் என்பது வண்டிக்குச் சேதி சொல்கிற இடம். அதில் எழுபது கிலோ ஆள் தொங்கினால் வண்டிக்கு வேறு எந்தச் சேதியும் போய்ச் சேராது. சாலையில் ஒரு சின்னக் குழி வந்தால் உங்கள் உடம்பு குலுங்கும், குலுங்கிய உடம்பு ஹேண்டிலைத் திருப்பும், வண்டி தடுமாறும். பிறகு வண்டி சரியில்லை, டயர் சரியில்லை என்று பட்டறைக்கு வருவீர்கள்.

உடம்பைத் தாங்க வேண்டியது வெளிக்கால். வலது வளைவென்றால் இடது கால். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்க வேண்டும், பாதத்தின் நடுக்குழி கூடாது. அங்கிருந்து குதிகாலைக் கொஞ்சம் தூக்கினால் தொடையின் உட்பக்கமும் முட்டியும் டேங்கின் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு விழுந்துவிட்டால் இரண்டு கையும் சும்மா.

சோதித்துப் பார்க்க மலைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்டு வாசலில் பின்சக்கரத்தைப் பேடாக் ஸ்டாண்டில், அதாவது வண்டியை நேராகத் தூக்கி நிறுத்துகிற ஸ்டாண்டில், ஏற்றுங்கள். நண்பனை முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். டேங்குக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கைமுட்டி அளவு இடம் விட்டு உட்காருங்கள். டேங்கில் ஒட்டி உட்கார்ந்தால் இடுப்பு திரும்பாது, டேங்கைச் சுற்றிச் சுழன்று மறுபடியும் குரங்குதான். ஒரு பக்கப் பிட்டம் மட்டும் சீட்டைவிட்டு வெளியே வரட்டும், அதற்கு மேல் வேண்டாம். இப்போது மேலுடம்பைக் குனிந்து, மோவாயை உட்பக்கக் கண்ணாடியை நோக்கிக் கொண்டுபோங்கள். சரி, இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுங்கள். கீழே சரிந்தால் கால் இன்னும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பத்து விநாடி அப்படியே இருக்க முடிந்தால் பக்கம் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது முறை, தினமும். தொடை வலிக்க வேண்டும். மணிக்கட்டு வலித்தால் தப்பாகச் செய்கிறீர்கள்.

இப்படித் தொங்குவதால் என்ன லாபம் என்று ஒரு நாள் பட்டறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 140 கிலோ சொச்சம், ஆள் 70 கிலோ. ஆளின் எடை மொத்தமும் பத்து சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்தால், வண்டியும் ஆளும் சேர்ந்த எடைமையம் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நகரும். அந்த மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் வண்டி சுமார் மூன்று டிகிரி குறைவாகச் சாய்ந்தால் போதும். இவ்வளவு பாடும் அந்த மூன்று டிகிரிக்குத்தான். ட்ராக்கில் அது பெரிய காசு. டயரின் ஓரத்தில் அந்த அளவு மிச்சம் இருக்கிறது என்றால் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) ஒரு நொடி முன்னதாகத் திறக்கலாம்.

கொல்லிமலையில்? அங்கே இருப்பது எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் 17, 18 டிகிரி சாய்ந்தாலே போதும். முட்டி தொடுகிற அளவு, அதாவது 45 டிகிரிக்குப் பக்கத்தில் சாய வேண்டுமானால் 35-ஐத் தொட வேண்டும். 35 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகிற வண்டியே, பார்த்து, கை பிரேக்குக்குப் போய், நிற்பதற்குப் பதினாறு மீட்டர் எடுத்துக்கொள்ளும். சாய்ந்திருக்கும்போது அந்தப் பிரேக்கில் பாதிகூடப் பிடிக்க முடியாது. வளைவில் உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் சாலை எவ்வளவு நீளம்? அடுத்த ஞாயிறு காரவள்ளியிலிருந்து ஏறும்போது ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தி, நடந்து அளந்து பாருங்கள். மேலேயிருந்து இறங்குகிற அரசுப் பேருந்து வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஓட்டுநர்மேல் குற்றமில்லை, அந்த நீளத்துக்கு வேறு வழி கிடையாது.

ஆகவே மலையில் முட்டி உள்ளேயே இருக்கட்டும். தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் உட்பக்கம் கொண்டுபோங்கள், அதுவே நிறைய.

திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை வடிவமைப்பாளர்: என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஆர்ஆர் 310 ஓட்டுகிறேன். நாற்பது நிமிடத்தில் மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போகிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கே எனக்கு ஒத்துவராது என்று வீட்டில் சொல்கிறார்கள். நிஜமா?

இல்லைம்மா. மணிக்கட்டு வலிக்கு உயரம் காரணமில்லை. உடம்பின் எடை கையில் இறங்குகிறது, அதுதான் காரணம். ஆறடி ஆளுக்கும் இதே வலி வரும், அவர் வெளியே சொல்லமாட்டார்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு முழங்கையையும் கோழி சிறகடிப்பது போல லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட முடிந்தால் கையில் எடையில்லை. முடியவில்லை என்றால் முட்டிகளால் டேங்கை இறுக்கி, அடிவயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்து, முதுகைத் தூக்குங்கள். உடனே தெரியும். டேங்க் வழுக்கினால் பக்கத்தில் ஒட்டுகிற ரப்பர் கிரிப் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். செலவு கம்மி, பலன் ரொம்ப. பிரேக் பிடிக்கும்போது இது இன்னும் முக்கியம். கால் டேங்கைப் பிடிக்காவிட்டால் வண்டி நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். முழு உடம்பும் கையில் வந்து மோதும், அந்தக் கையோடுதான் வளைவுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணம். ஷோரூமிலிருந்து வந்தபடியே விட்டிருப்பீர்கள். முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் லீவருக்குப் போக வேண்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கக் கூடாது. ஒரு போல்ட்டைத் தளர்த்தித் திருப்புகிற வேலைதான், எந்த மெக்கானிக்கும் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார். உங்கள் விரல் நீளத்துக்கு லீவரை உள்ளே கொண்டுவரவும் வழி இருக்கிறதா பாருங்கள்.

வீட்டில் தினமும் ஒரு நிமிடம் பிளாங்க், அதாவது முழங்கையை ஊன்றி உடம்பை நேராக வைத்திருக்கிற பயிற்சி. அதைச் செய்யாமல் என்னிடம் வந்து வலிக்கிறது என்று சொன்னால் நான் கேட்பதாக இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து: வலது பக்கம் போக வலது ஹேண்டிலைத் தள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் இயற்பியல் ஆசிரியர் சிரிக்கிறார்.

ஆசிரியரை ஒரு சைக்கிளில் ஏற்றிவிடுங்கள். வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும். சக்கரம் தரையைத் தொடும் இடம் இடப்பக்கம் ஓடிவிடும், மேலே இருக்கிற உடம்பும் வண்டியும் வலப்பக்கம் விழும். அந்த விழுதல்தான் சாய்வு. சாய்ந்த பிறகு சக்கரம் தானே வலப்பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக உருட்டும்போது இது தெரியாது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் இரண்டு சக்கர வண்டி எல்லாம் இப்படித்தான் திரும்புகிறது, பால்காரரின் மொபெட் உட்பட.

விமானம் செய்த ரைட் சகோதரர்கள் பிழைப்புக்குச் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறார். முதல் தடவை கேட்டபோது, ஹேண்டிலை முதலில் வலப்பக்கம் திருப்புகிறேன் என்று ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லையாம். எல்லோரும் செய்கிறார்கள், யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்து செய்வதில் என்ன லாபம் என்றால், அவசரத்தில் குழியைத் தாண்ட வேண்டுமென்றால் உடம்பை வளைத்துக்கொண்டிருக்காமல் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

கையை விடு என்று சொல்லிவிட்டு இப்போது தள்ளு என்கிறேனே என்று கேட்பீர்கள். தள்ளுவது ஒரு நொடி. தள்ளி, சாய்ந்து, வேண்டிய சாய்வு வந்ததும் கை மறுபடி சும்மா ஆகிவிட வேண்டும். வளைவு முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது வேறு நோய்.

ஈரோட்டிலிருந்து ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி: ஏற்காட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது ஒரு வளைவு நான் நினைத்ததைவிட அதிகமாக மடங்கியது. பயந்து பிரேக் பிடித்தேன். வண்டி நிமிர்ந்து நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த நேரம் எதிரில் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து வளைவென்றாலே கை நடுங்குகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஐயா. நான் விழுந்த கதையைச் சொல்கிறேன், நடுக்கம் கொஞ்சம் குறையலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் என் இரண்டாவது சீசன். ஒரு வேகமான வலது வளைவு. எனக்கு முன்னால் போனவனைப் பிடிக்கும் ஆசையில் பத்தடி தாமதமாகப் பிரேக் பிடித்தேன். ஆர்எக்ஸ் 100-இல் டிரம் பிரேக், அதோடு டூ-ஸ்ட்ரோக், த்ராட்டிலை மூடினால் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கிற எஞ்சின் பிரேக்கிங் என்று ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். உள்ளே போனதும் வேகம் அதிகம் என்று மனசு கத்தியது. த்ராட்டிலைப் பட்டென்று மூடினேன். எடை முழுக்க முன்சக்கரத்தில் இறங்கியது, வண்டி அகலமாக ஓடியது. ஓரத்தில் டயர்களை அடுக்கிய சுவர், அதற்குப் பின்னால் கொடியோடு ஒரு மார்ஷல், அதாவது ட்ராக் பாதுகாப்பு ஆள். அந்தச் சுவரையே பார்த்தேன். நேராக அங்கேயே போனேன். கழுத்தெலும்பு. என்னைத் தூக்கிவிட வந்த மார்ஷல் பையன் கேட்டான்: “ஏண்ணா, இவ்வளவு இடம் கிடக்கு, என்னையவே தேடி வந்தீங்களா?”

அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். பயந்தால் கண் பயத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கண் அன்றைக்கு எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவரில் இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

வண்டி நிமிர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. சாய்ந்திருக்கும்போது முன்டயர் தரையைத் தொடுவது நடுவில் இல்லை, உட்புற ஓரத்தில். அங்கே முன்பிரேக்கைப் பட்டென்று பிடித்தால் அந்த இழுவை ஹேண்டிலை உட்பக்கம் திருப்பி வண்டியை நிமிர்த்திவிடும். நிமிர்ந்த வண்டி நேராகப் போகும். வண்டிமேல் தப்பில்லை, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறது.

என்ன செய்திருக்கலாம்? பெரும்பாலான நேரம், இன்னும் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுக்க முப்பது டிகிரி சாய்வு வேண்டும். அதே வளைவில் 72 போய்விட்டீர்கள் என்றால் 39 டிகிரி. காய்ந்த சாலையில் நல்ல டயர் அதைத் தாங்கும். தாங்காதது நம் மனசு. இருபத்தைந்துக்கு மேல் சாய்ந்து பழகாதவருக்கு முப்பதே உலகத்தின் முடிவு மாதிரி இருக்கும். தலையை வளைவின் உட்பக்கம் இறக்கி, வளைவு முடிகிற இடத்தைக் கண்ணால் தேடி, உள்கையை ஒரு தள்ளு. த்ராட்டிலை மூட வேண்டியிருந்தால் மெதுவாக மூடுங்கள். பின்பிரேக்கை லேசாகத் தொடலாம். அதற்கும் இடமில்லை, முன்னால் நேராகக் கொஞ்சம் சாலை இருக்கிறது என்றால், முதலில் வண்டியை நிமிர்த்தி, பிறகு பலமாகப் பிரேக் பிடித்து, வேகம் இறங்கியதும் மறுபடி சாயுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும் வண்டிக்கு எழுதப்பட்டது. சாய்வைக் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ் சில வண்டிகளில்தான் வருகிறது.

ஆனால் உங்கள் தவறு வளைவுக்குள் நடக்கவே இல்லை. வளைவுக்கு நாற்பது மீட்டர் முன்னால் நடந்தது. இறக்கத்தில் வண்டியின் எடை ஏற்கெனவே முன்பக்கம் இருக்கும். கியரைக் குறைத்து, பிரேக்கை முடித்து, அப்புறம்தான் சாய்வு. வளைவு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதவரை உள் ஓரத்துக்குப் போக அவசரப்படாதீர்கள். சீக்கிரம் உள்ளே போனவன் கடைசியில் வெளியேதான் துப்பப்படுவான். தாமதமாக உள்ளே போகிறவனுக்கு வளைவு மடங்கினாலும் கையில் சாலை மிச்சம் இருக்கும்.

நம் ஊர்ச் சாலைக்கென்று ஒரு விஷயம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலது வளைவில் நீங்கள் சாயும்போது சக்கரங்கள் உங்கள் பக்கத்தில் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் லாரியின் கண்ணாடிக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையில்லை. வலது வளைவில் உங்கள் பாதையின் இடது ஓரமாகவே இருங்கள், சாலையும் தூரத்துக்குத் தெரியும். இடது வளைவில் பார்வைக்காகக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கலாம், ஆனால் நடுக்கோட்டில் உட்காராதீர்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது சட்டமும்கூட, மறக்க வேண்டாம்.

கொண்டை ஊசியில் உள் ஓரம் எப்போதும் வெளி ஓரத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். அதனால்தான் உட்பக்கம் ஒட்டி ஏறுகிற புது ஆட்கள் நடுவில் எஞ்சின் அணைந்து சாய்கிறார்கள். பேருந்துகளின் டீசல் சிந்துவதும் அந்த வளைவுகளில்தான். தரையில் வானவில் தெரிந்தால் நிமிர்ந்து, மெதுவாக.

நடுக்கத்துக்கு மருந்து: ஆளில்லாத மைதானம், நாலு செங்கல், 25 கிலோமீட்டர் வேகம். செங்கல்லைச் சுற்றி வட்டமடியுங்கள். பார்வை செங்கல்லில் இருக்கக் கூடாது, வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில். அரைமணி நேரத்தில் கழுத்து வலிக்கும், கை நடுக்கம் மறந்துபோகும்.

சென்னையிலிருந்து: ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொள்ளும் முட்டி ஸ்லைடர் (தரையில் உரசுவதற்கான பிளாஸ்டிக் வில்லை) ஆன்லைனில் விற்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். முட்டி காப்பாற்றப்படும், ஜீன்ஸும் அதற்குள் இருப்பதும் தேயும்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: பத்தொன்பது வயது மகன் ட்ராக் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். ரேஸ் என்றாலே எனக்குப் பயம். அனுப்பலாமா?

அனுப்புங்கள் என்பேன். நீங்கள் அனுப்பாவிட்டால் அவன் பழகப்போவது அழகர்கோவில் சாலையிலோ புறவழிச்சாலையிலோ. ட்ராக்கில் எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, மின்கம்பம் கிடையாது, ஆம்புலன்ஸ் கேட்டிலேயே நிற்கும்.

எங்கள் காலத்தில் இந்த வசதி கிடையாது. என் மாமா என்னைச் சின்ன வயதில் சோழவரத்துக்குக் கூட்டிப் போனார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும், வெயிலில் கூட்டம் நெரியும். அப்புறம்தான் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் வந்தது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். எங்கள் கோவையில் ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் இருக்கும் செட்டிப்பாளையம் ட்ராக் அதைவிடச் சின்னது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். புதிதாகப் பழக என்னைக் கேட்டால் சின்ன ட்ராக்தான் நல்லது. அதே வளைவு சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வரும், செய்த தப்பு மறப்பதற்குள் திருத்தலாம்.

முதல் நாள் அவர்கள் வேகம் கற்றுத்தர மாட்டார்கள். நல்ல பயிற்சியில் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பார்கள். த்ராட்டிலை மட்டும் கவனி, பார்வையை மட்டும் கவனி, இப்படி. உங்கள் மகன் சலித்துக்கொண்டால் நல்ல இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் மணி நேரத்திலேயே “முட்டி போடலாம் வா” என்கிற இடமாக இருந்தால் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். செலவில் எதைக் குறைத்தாலும் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், லெதர் சூட் நாலிலும் குறைக்காதீர்கள். சூட் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும். தொளதொளவென்ற சூட்டில் விழுந்தால் முட்டிக் காப்பு முட்டியில் இருக்காது.

நீங்களும் கூடப் போங்கள். ஓரமாக நின்று பார்த்தால் பயம் பாதி போய்விடும். மீதிப் பாதி இருக்க வேண்டியதுதான்.

தஞ்சாவூரிலிருந்து: பைக் உலகப் பந்தயமான மோட்டோஜிபியில் மார்க் மார்க்கேஸ் முழங்கையையே தரையில் உரசுகிறார். இதையெல்லாம் யார் ஆரம்பித்தது?

அறுபதுகளின் உலக சாம்பியன்கள் மைக் ஹெய்ல்வுட், அகஸ்தினி காலத்துப் படங்களைப் பாருங்கள். முட்டி இரண்டும் டேங்கை ஒட்டி, ஆளும் வண்டியும் ஒரே கோட்டில், பார்க்கவே ஒரு மரியாதை. எழுபதுகளின் தொடக்கத்தில் பின்லாந்துக்காரர் யார்னோ சாரினன் உட்பக்கம் தொங்க ஆரம்பித்தார். அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் அதை ஒரு முறையாகவே ஆக்கி, 1978, 79, 80 என்று மூன்று வருடம் தொடர்ந்து 500 சிசி உலகப் பட்டம் வாங்கியதும் எல்லோரும் முட்டியை நீட்டத் தொடங்கினார்கள். அப்போது கடையில் ஸ்லைடர் ஏது? முட்டியில் டேப்பைச் சுற்றிக்கொண்டுதான் ஓட்டினார்கள். டயர் வளர வளரச் சாய்வும் வளர்ந்தது. இன்றைக்கு மோட்டோஜிபியில் 60 டிகிரிக்கு மேல் போகிறார்கள். அந்தச் சாய்வில் முழங்கைக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் உரசுகிறது. முட்டியும் அப்படித்தான். அவர்களுக்கு அது எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அளக்கிற ஸ்கேல்.

காரைக்குடியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: வயது 47. இரண்டு முறை ட்ராக் பயிற்சிக்குப் போய்வந்தேன். இடது வளைவு நன்றாக வருகிறது. வலது வளைவில் மட்டும் கட்டை போல ஆகிவிடுகிறேன். ஏன்?

நல்ல கேள்வி, ரொம்பப் பேருக்கு இது உண்டு, எனக்கும் உண்டு. வலது கையில் த்ராட்டில் இருக்கிறது, அதுதான் காரணம். வலப்பக்கம் குனியும்போது வலது முழங்கை மடங்கிக் கீழே இறங்க வேண்டும். த்ராட்டிலை நேராக முஷ்டி மாதிரி பிடித்திருந்தால் மணிக்கட்டு முறுகும், முழங்கை மேலே தூக்கிக்கொள்ளும், அது தோளைப் பூட்டும், தோள் தலையைப் பூட்டும். போதாததற்குத் த்ராட்டிலும் தன்னால் திறந்துகொள்ளும் என்று உள்ளே ஒரு பயம். இடது வளைவில் வலது கை வெளிக்கை, நீண்டு கிடந்தாலும் போகிறது.

பிடியை மாற்றுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜையில் இருக்கிற திருகை முறுக்குவது போலப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி உள்ளங்கையில் குறுக்காகச் சாய்ந்து கிடக்கும், முழங்கை தானே கீழே இருக்கும். அந்தப் பிடியில் த்ராட்டிலைப் பிடிக்க வேண்டும், அதுவும் வளைவுக்கு முன்னால், பிரேக்கை விட்டதும், சாய்வதற்குள். சாய்ந்த பிறகு மாற்றப் போனால் வண்டி குதிக்கும். எனக்கு இது கைவர இரண்டு சீசன் ஆனது. பகலெல்லாம் பட்டறையில் ஸ்க்ரூடிரைவரோடு இருக்கிறவனுக்கே அவ்வளவு நாள்.

மூன்றாவது முறை போய்வந்ததும் வலது கையுறையின் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள வளைவு தேய்ந்திருந்தால் இன்னும் பழைய பிடிதான். தேய்மானம் சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு நகர்ந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.